இன்ஜினியர் அண்ணாச்சியின் காலிமனை

டவுண் ரதவீதியில் ‘இன்ஜினியர் அண்ணாச்சி’ என்று பெயரெடுத்த என் செல்ல அப்பாவுக்கு,

நான் கல்லூரியில் சேர்ந்த அன்று சாயங்காலம் நீங்கள் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் எல்லாருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தீர்கள். மறுநாள் சேலைப் பிரிவில் யாரோ உங்களை விளையாட்டாக அப்படிக் கூப்பிட, சாகும்வரை அதுவே உங்களுக்குப் பெயராகிவிட்டது. ஆக, இன்ஜினியர் ஆவதற்கு உங்களுக்கு ஒரே நாள்தான் ஆயிற்று. எனக்கு ஆன காலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உங்களுக்கு எழுதுவதை ஊர் பார்க்க ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். ஊர் பார்க்கத்தானே நீங்களும் சொன்னீர்கள்? பாவாடைத் துணி கிழித்துக்கொண்டே, ரவிக்கைத் துண்டு மடித்துக்கொண்டே, வந்த போன சனம் அத்தனை பேரிடமும் சொன்னீர்கள். “எம் மவ இஞ்சினியருக்குப் படிக்கா. நாலே வருசம். அவ பிளான் போட்டு, அவ கையெழுத்துப் போட்டு, சொந்த வீடு கட்டிப் போயிருவோம்.” கேட்டவர்களெல்லாம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள் அப்பா. அவர்களுக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டாமா?

அந்த நாலு வருடத்தை உங்களுக்கு யார் சொன்னது?

சுத்தமல்லி விலக்குக்கு உள்ளே, வாய்க்காலைத் தாண்டி நம் காலிமனை. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே நீங்கள் வாங்கிப் போட்டது. வாங்கின கையோடு ஒரு ஓட்டு வீடாவது எழுப்பியிருக்கலாம். அம்மா அப்போதே சொன்னாள். நீங்கள் கேட்கவில்லை. நான் சிவில் படிப்பில் சேர்ந்ததும் உங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஆவணியிலேயே வாஸ்து நாள் பார்த்து, ஈசான மூலையில் குழி தோண்டி, அஞ்சு செங்கல்லுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துப் பூசை போட்டீர்கள். பூசைக்கு வந்தவர் தேங்காயை உடைத்துவிட்டுக் கேட்டார், “வேலைய என்னைக்குத் தொடங்குதிய?”

“மவ படிச்சு முடிச்சதும்.”

“அதுக்கு இப்பவே எதுக்குப் பூச?”

“எடம் காத்துக் கெடக்கும்லா” என்றீர்கள். அவர் சிரித்துக்கொண்டே தட்சணையை வாங்கிப் போனார். நானும் சிரித்தேன். பதினேழு வயசு எனக்கு. மனை காத்துக் கிடக்கும் என்று நீங்கள் சொன்னது பெருமையாகக்கூட இருந்தது.

உலகத்தில் எங்கேயாவது, பிளான் போட வேண்டியவள் முதல் செமஸ்டர்கூட எழுதாதபோது அஸ்திவாரப் பூசை போட்ட ஆள் உண்டா அப்பா? நீங்கள்தான் உண்டு.

கல்லூரியைப் பற்றி உங்களிடம் நான் உண்மையைச் சொன்னதில்லை. நீங்கள் கேட்டதும் இல்லை. கான்கிரீட் கட்டியை அழுத்தி உடைத்துப் பார்க்கிற இயந்திரம் ஒன்று ஆய்வகத்தில் இருந்தது. ஆய்வுக்கு ஆள் வரும் அன்றைக்கு மட்டும் அதன் மேல் கிடந்த துணியை எடுப்பார்கள். நாங்கள் கட்டியை ரெக்கார்டில்தான் உடைத்தோம். கட்டமைப்புப் பாடம் நடத்தியவர் பாதியில் வெளிநாடு போனார். அடுத்து வந்தவர், அவரே அதற்கு முந்தின வருடம்தான் பாஸாகியிருந்தார், புத்தகத்தை வாசித்துக் காட்டினார். அரியர் விழுந்தது. கணக்கில் ஒன்று விழுந்தது, கட்டமைப்பில் ஒன்று விழுந்தது. எழுத எழுத விழுந்துகொண்டே இருந்தது.

ஒவ்வொரு தடவையும் ரிசல்ட் வந்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சவத்தத் தள்ளுட்டி, அடுத்த தடவ எழுதிக்கிடலாம்” என்பீர்கள். திட்டியிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும். நீங்கள் திட்டவில்லை. நாலு வருடம் முடிந்தது. கடையில் கேட்டவர்களிடம், “இன்னும் கொஞ்சம் கெடக்கு, பெரிய படிப்புல்லா” என்று சொல்ல ஆரம்பித்தீர்கள். அந்தக் கொஞ்சத்துக்கு இரண்டு வருடம் ஆனது.

பட்டம் கைக்கு வந்த அன்று என்ன செய்தீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? வீட்டுக்குக்கூடப் போகவிடாமல் சுத்தமல்லி பஸ்ஸில் ஏற்றி மனைக்குக் கூட்டிப் போனீர்கள். உடைமுள் இடுப்பளவு வளர்ந்திருந்தது. வாய்க்கால் கரையில் நின்றுகொண்டு, கையை விரித்துக் காட்டி, “போடுட்டி பிளான” என்றீர்கள்.

நான் அங்கேதான் சொன்னேன். அப்பா, என்னால் பிளான் போட முடியும், கையெழுத்துப் போட முடியாது. கையெழுத்துப் போட, அரசிடம் இன்ஜினியராகப் பதிவு வாங்க வேண்டும். பதிவு வாங்க, வேலை பார்த்த அனுபவம் வேண்டும். அனுபவத்துக்குச் சில வருடம் ஒருவரிடம் வேலை பார்த்து, அவர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

என் கையில் இருந்த பட்டத்தைப் பார்த்தீர்கள். “அப்ப இது எதுக்கு?” என்று கேட்டீர்கள்.

நான் அதைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டேன் அப்பா.

வள்ளியூரில் ஒரு காண்டிராக்டரிடம் சேர்ந்தேன். வாசலில் அவர் பெயருக்கு முன்னால் இன்ஜினியர் என்று பெரிதாக எழுதியிருக்கும். விடிந்தும் விடியாமலும் பஸ் ஏறிப் போய், நாள் முழுக்க ஆபீஸில் உட்கார்ந்து, சிமெண்ட் மூட்டைக் கணக்கும் கூலிக் கணக்கும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். வருகிற ஆட்களுக்கு டீ சொன்னேன். சைட்டுக்கு அனுப்புங்கள் சார் என்று கேட்டால், “பொம்பளப் பிள்ளைய சாரத்துல ஏத்திட்டு நா யாருக்குப் பதில் சொல்லுதது? இங்கன ஃபேனுக்குக் கீழ இரு தாயி” என்பார். என்னோடு சேர்ந்த பையன்கள் இரண்டு பேர் சைட்டுக்குப் போனார்கள். சொல்லி வைத்த மாதிரி அவர்களுக்கு அனுபவச் சான்று கிடைத்தது. நான் கேட்டபோது, “அனுபவமா? டீ வாங்கிக் குடுத்ததுக்கா?” என்று சிரித்தார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். அவர்தானே டீ வாங்கச் சொன்னது?

அங்கே இருந்த வருடங்கள் அத்தனையும் சுழியம். திசையன்விளையில் ஒரு சின்ன ஆளிடம் போய், முதலிலிருந்து தொடங்கினேன். அவர் சைட்டுக்கு அனுப்பினார். செம்மண் புழுதியில் நின்று, கம்பி கட்டுவதைச் சரிபார்த்து, தளம் போடும் நாளில் நடுராத்திரிக்குத்தான் வீட்டுக்கு வருவேன். அப்போதுதான் எனக்கு இந்த வேலை பிடிக்க ஆரம்பித்தது. இதை உங்களிடம் சொன்னேனா? சொல்லியிருக்க மாட்டேன். நான் வருவதற்குள் நீங்கள் தூங்கியிருப்பீர்கள்.

இடையில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனின் தாய்மாமன் நம் வாடகை வீட்டின் சுவரையும் கூரையில் ஒழுகின தடத்தையும் பார்த்துவிட்டு, “பொண்ணு இஞ்சினியர்ங்காவ, வீடு இப்படிக் கெடக்கே” என்றார். நீங்கள் பதறிப்போய் சுத்தமல்லி மனையைப் பற்றி அரைமணி நேரம் சொன்னீர்கள். பஜ்ஜி ஆறிப்போனது. அவர்கள் போனவர்கள்தான்.

அதற்குப் பிறகாவது கட்டியிருக்கலாமே அப்பா. சித்தப்பா எத்தனை தடவை சண்டை போட்டார். “ஏண்ணே, ஊர்ல வேற இஞ்சினியரே இல்லியா? ஒரு கையெழுத்துக்கு இந்தக் கூத்தா?” நானும் கெஞ்சினேன். என் பிளானை வைத்துக்கொள்ளுங்கள், வேறு யாராவது கையெழுத்துப் போடட்டும், கட்டடம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது என்றேன். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை உதறிவிட்டுச் சொன்னீர்கள்: “காலம் பூரா ஊரான் வீட்டுல இருந்தாச்சு. இனி ஊரான் கையெழுத்துலயும் இருக்கவா? நீ முடிச்சிட்டு வா. பைய கட்டுவோம்.”

பைய. அந்தச் சொல்லைக் கேட்டாலே இப்போது எனக்கு எரிகிறது.

யார் உங்களிடம் கேட்டது? நான் கேட்டேனா? நீங்கள் என்மேல் வைத்த பாசம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் அந்தப் பாசத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் பஸ்ஸாக அலைந்தவள் நான். அரியர் விழும்போதெல்லாம் என் வீடு கட்டுவது ஒரு வருடம் தள்ளிப் போகிறது என்று நினைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையாவது பரீட்சை எழுதுமா? நான் எழுதினேன்.

நீங்கள் போனது ஆனி மாசம். காலையில் கடை திறந்து, சாமிக்குச் சூடம் காட்டின கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். கடைப் பையன்கள் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது. எனக்குத் திசையன்விளைக்குப் போன் வந்தது. காலில் சிமெண்ட் காயாமல் பஸ் ஏறினேன்.

நான் வந்து சேரும்போது ஆம்புலன்ஸ் நம் தெருமுனையில் நின்றது. வாசலில் நிற்கவில்லை. வீட்டுக்கார ஆச்சி தெருமுனைக்கே வந்து நின்றுகொண்டிருந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். “தப்பா நினைக்காதீய. எம் மவ தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா, மாசம் நெறஞ்சு கெடக்கா. இன்னைக்கு அடைப்பு நட்சத்திரமாம், வீட்டுல வச்சு எடுத்தா ஆறு மாசம் வீட்ட அடைக்கணும்னு சொல்லுதாவ. உள்ள கொண்டுவர வேண்டாம் தாயி. ஒங்க காலுல வேணும்னாலும் விழுதேன்.”

பதினெட்டு வருடம் நாம் குடியிருந்த வீடு. வாடகை ஒரு மாசம் பிந்தியதில்லை. அவள் மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க நீங்கள்தான் கூட இருந்து பொறுக்கிக் கொடுத்தீர்கள். ஆச்சிமேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். கோபம் இருக்கிறது. ஆனாலும் அவள் இடத்தில் நான் இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை. அம்மா வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

சித்தப்பாதான் சொன்னார், “வண்டிய சுத்தமல்லிக்கு விடு. அண்ணன் எடம் அங்கன இருக்கு.”

அப்படித்தான் அப்பா நீங்கள் உங்கள் சொந்த இடத்துக்குப் போனீர்கள்.

முள்ளை அள்ள ஜேசிபி வந்தது. பூசை போட்ட நாளிலிருந்து உங்கள் மனைக்கு வந்த முதல் இயந்திரம் அதுதான், அது உங்களைக் கிடத்த இடம் பண்ண வந்தது. வடகிழக்கு மூலையில் வாளி இறங்கியதும் ஓட்டுநர் நிறுத்திவிட்டுக் கேட்டார், “இங்கன பூசைக் கல்லு கெடக்கே, அள்ளிரவா?” எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கிடக்கட்டும் என்றேன். அதற்குப் பக்கத்தில்தான் உங்கள் ஐஸ் பெட்டியை வைத்தோம். பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்தோம். ஆனிக் காற்று சாமியானாவைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. ஆளுக்கு ஒரு பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு உங்கள் கடைக்காரர்கள் நின்றார்கள். உங்களைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை. நான் குடத்தை எடுத்துக்கொண்டு முன்பின் தெரியாத வீடுகளில் கேட்டுப் போனேன். முதல் வீட்டில் கதவைத் திறக்கவில்லை. இரண்டாவது வீட்டில் கொடுத்தார்கள்.

குடத்தோடு திரும்பி வரும்போதுதான் அதைக் கேட்டேன். யார் சொன்னது என்று எழுத மாட்டேன், நம் ஆட்கள்தான். “இஞ்சினியர் மவள வச்சிக்கிட்டு, மனுசன் வெட்டவெளியில கெடக்காரே.”

குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அந்த ஆளிடம் போய் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் போல இருந்தது. துணி மூடின இயந்திரத்தை, வள்ளியூர்ச் சிரிப்பை, உங்கள் பைய-வை. தண்ணீர் ஊற்ற நேரமாகிவிட்டது. அங்கிருந்து கருப்பந்துறை ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குக் கொண்டு போனோம். ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

பதிவு கிடைத்தது அடுத்த தை மாசம். என் போனுக்கு ஒரு செய்தியாக வந்தது, அவ்வளவுதான். நான் அப்போது ஒரு கழிவுநீர்த் தொட்டிக் குழிக்குள் இறங்கி ஆழம் அளந்துகொண்டிருந்தேன். ஏறி வந்து பார்த்தேன். அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். “சரி” என்றாள். பிறகு, “அப்பாட்ட சொல்லிட்டியா?” என்றாள். மறந்து கேட்டாளா, தெரிந்து கேட்டாளா, நான் விசாரிக்கவில்லை. இப்போது இதில் சொல்லிவிட்டேன்.

கணக்குப் பார்த்தால் சேர்ந்ததிலிருந்து பதினோரு வருடம். ஆறு மாசம் முன்னால் கிடைத்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? ஆறு மாசத்தில் வீடு எழும்பியிருக்காது. ஆனாலும் ஆனி மாசம் வரும்போதெல்லாம் அந்த ஆறு மாசத்தைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

சரி, இப்போதைய சேதிக்கு வருகிறேன். நம் வீடு வளர்கிறது. முதல் பிளான் அதுதான், என் கையெழுத்துதான். தரைத்தளம் நமக்கு, மாடி வாடகைக்கு. லோன் கட்ட வேண்டுமே. பூசைக் கல் அஞ்சும் அதே மூலையில் அஸ்திவாரத்துக்குள் போய்விட்டது. தரைத்தளக் கூரை போட்டாயிற்று. போன வாரம் மாடிப்படிக்குப் பலகை அடித்தார்கள்.

அதில்தான் தகராறு. கொத்தனார் அளவைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். “யம்மா, இந்தத் துண்டு எடத்துல கல்யாண மண்டபத்துப் படி கேக்குதிய? வெளிய ஒரு இரும்புப் படிய வச்சா ஒரு ரூம்பு மிஞ்சும்லா? வளைவுலயும் இம்புட்டு எடத்தச் சும்மா விட்டிருக்கிய. ஒங்கப்பா இருந்தா ஏசியிருப்பாரு.”

“அவரு ஏச மாட்டாரு. பலகைய அடிங்க” என்றேன்.

அம்மா சாயங்காலம் டீ கொண்டு வந்தவள், பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொத்தனார் போனதும் கேட்டாள், “எதுக்குட்டி மாடிப்படி இவ்வளவு அகலம்?”

இரும்புப் படியில் ஒரு ஆளைப் படுக்க வைத்து இறக்க முடியாது என்று சொன்னேன். நாலு பேர் தோள்கொடுத்து இறங்க இவ்வளவு அகலம் வேண்டும். வளைவில் திரும்ப அவ்வளவு இடம் வேண்டும். வாசல் கதவும் அதே கணக்குதான், ஐஸ் பெட்டி நேராக உள்ளே வரும். மாடிக்கு வாடகைக்கு வருகிற வீட்டில் ஒரு சாவு விழுந்தால், அவர்கள் எங்கேயும் அலைய வேண்டியதில்லை.

அம்மா டீயைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். “அப்ப முன்னால ஒரு குழாயும் வச்சிரு. அன்னைக்குத் தண்ணிக்கு அலைஞ்சோம்லா” என்றாள்.

வைத்துவிட்டேன் அப்பா. வாசலுக்கு இடது பக்கம், குடம் நிற்கிற உயரத்தில்.

இன்ஜினியர் ஆவதற்கு எத்தனை வருடம் ஆகும் என்று இனி யாராவது கேட்டால், நாலு என்று மட்டும் சொல்ல மாட்டேன். அந்தப் படி எத்தனை அகலம் வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதை நீங்கள் காலிமனையில் கிடந்து சொல்லித் தந்தீர்கள். இப்படி ஒரு படிப்பு எனக்கு வேண்டாம் என்றுதான் நான் சொல்லியிருப்பேன். என்னிடம் யார் கேட்டார்கள்?

வாசலில் பெயர்ப்பலகை வைக்கப்போவதில்லை. ஒரே ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். மாடிக்குக் குடிவருகிறவர்கள் யாராக இருந்தாலும், சாவியைக் கொடுக்கும்போதே நேராகச் சொல்லிவிடுவேன்: உங்கள் வீட்டில் யாராவது தவறிப்போனால் தெருமுனையில் நிறுத்தாதீர்கள், வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

அம்மா சிரிக்கிறாள். “அப்படிச் சொன்னா எவன்ட்டி குடிவருவான்?” என்கிறாள்.

வராவிட்டால் போகட்டும் அப்பா. மாடி காத்துக் கிடக்கும்.

என்றும் உங்கள் மகள்,
கோமதி